குழந்தைக்கு டியூப் மாட்டும் முன்: நான் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாம்

ஏப்ரல் பிறந்தால் எங்கள் நீச்சல் குளத்துக்கு வரும் பைகளைப் பார்த்தே எனக்கு வயிறு கலங்கும். டயப்பர், துண்டு, பால் பாட்டில், அப்புறம் மடித்து வைத்த, காற்று ஊதி மிதக்கவிடும் ஒரு டியூப். கோவையில் கைக்குழந்தைகளுக்கும் அவர்களுடைய அம்மா அப்பாக்களுக்கும் தண்ணீர்ப் பழக்கம் சொல்லிக் கொடுக்கிறேன். போன ஞாயிறு புதிதாக வந்த ஆறு குடும்பங்களில் நான்கு பேர் டியூப் கொண்டுவந்திருந்தார்கள். நான்குமே என் மகனுக்கு நான் ஆசையாக வாங்கிய அதே வகை.

தனியாக விடாதீர்கள், போன் பார்க்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். அக்கறையாகப் பக்கத்திலேயே நிற்கிற பெற்றோர் செய்கிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கால் ஓட்டை வைத்த இருக்கை டியூப்

வட்டமான டியூப். நடுவில் ஜட்டி போல ஒரு பிளாஸ்டிக் இருக்கை, அதில் கால் நுழைக்க இரண்டு ஓட்டை. முன்னால் வாத்துத் தலை, சிலவற்றில் வெயிலுக்குக் கூரைகூட உண்டு. குழந்தை தூளியில் உட்கார்ந்த மாதிரி ஜம்மென்று உட்காரும். வேறு எந்த டியூபையும்விட இதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிறந்த குழந்தையின் நீளத்தில் தலை மட்டுமே நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவர்களுக்கு அது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. எட்டு, ஒன்பது மாதத்திலும் உடம்பின் கனம் மேலேதான் இருக்கும். இருக்கை டியூபில் தலை, தோள், மார்பு எல்லாம் தண்ணீருக்கு மேலே. கீழே தொங்குவது இரண்டு சின்னக் கால்கள். குழந்தை எதையாவது எட்டிப் பிடிக்கச் சாய்ந்தாலோ, பக்கத்தில் யாராவது குதித்து அலை அடித்தாலோ கவிழ்ந்துவிடும். கவிழ்ந்த பிறகு இன்னும் மோசம். கால்கள் ஓட்டையில் மாட்டியிருக்கும். டியூபில் இருக்கும் காற்று அந்தக் கால்களை மேலே பிடித்துக்கொள்ளும், தலையைத் தண்ணீருக்குள் வைத்திருக்கும். குழந்தையால் தானாக நிமிர வழியே இல்லை.

என் மகனுக்கு அப்போது ஒன்பது மாதம். ஏற்காட்டுப் பக்கம் ஒரு விடுதியின் குளம். இடுப்பளவுத் தண்ணீரில் நான் நின்றுகொண்டிருந்தேன், அவன் என்னிடமிருந்து இரண்டு முழம் தள்ளி. ஒரு காகிதப்பூ மிதந்து வந்தது. அதற்குக் கை நீட்டினான். அடுத்த நொடி எனக்குத் தெரிந்தது டியூபின் அடிப்பக்கமும் இரண்டு பாதங்களும். ஒரு காலில் அவன் பாட்டி போட்ட வெள்ளித் தண்டை. அலறல் இல்லை, தண்ணீர் தெறிக்கவுமில்லை.

நான் செய்தது தவறு. அவன் இடுப்பைப் பிடித்து டியூபிலிருந்து உருவப் பார்த்தேன். ஈரத் தொடையில் பிளாஸ்டிக் இறுகிக்கொண்டது. இழுக்க இழுக்க டியூபும் கூடவே வந்தது. என் கணவர் பாய்ந்து வந்து டியூபோடு சேர்த்து அவனைப் புரட்டி நிமிர்த்தினார். சில நொடிகள்தான் ஆகியிருக்கும். இருமினான், தண்ணீரைக் கக்கினான், அப்புறம் அழுதான். அந்த அழுகை வரும்வரை நான் மூச்சு விட்டேனா என்று எனக்கு ஞாபகமில்லை.

அதனால் எங்கேயாவது இப்படிக் கவிழ்வதைப் பார்த்தால் குழந்தையை உருவ முயலாதீர்கள். டியூபோடு சேர்த்துப் புரட்டுங்கள். வெளியே எடுத்த பிறகு இருமல் நிற்காமல் இருந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தலைகீழாகத் தூக்கி ஆட்டுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் வேண்டவே வேண்டாம். மூச்சில்லை என்றால் முதலில் கைக்குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி மூச்சுக் கொடுக்க வேண்டும். 108-ஐ இன்னொருவர் அழைக்கட்டும்.

இன்றுவரை எனக்கு ஆத்திரம் வருவது அந்தப் பெட்டியை நினைத்தால்தான். முன்பக்கம் சிரிக்கிற குழந்தை. பின்பக்கம் எறும்பு எழுத்தில், இது உயிர்காக்கும் சாதனம் அல்ல, குழந்தைக்குக் கால் எட்டும் ஆழத்தில் மட்டும் பயன்படுத்தவும் என்று ஒரு வரி. ஒன்பது மாதப் பிள்ளைக்குக் கால் எட்டும் ஆழம் எது? அது இன்னும் நிற்கவே பழகவில்லையே! இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் அந்த முத்திரை இருந்தாலும் அது பொம்மைக்கான முத்திரைதான். குழந்தை மூழ்காது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

"நாங்க பக்கத்துலதானே மேடம் இருக்கோம்" என்பார்கள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். கையில் பிடித்திருக்கும்போது குழந்தைக்கும் நமக்கும் இடைவெளியே இல்லை. டியூப் மாட்டியதும் முதலில் ஒரு முழம், பிறகு இரண்டு முழம். பத்து நிமிடம் போனால் படிக்கட்டில் உட்கார்ந்து சித்தியோடு பேசிக்கொண்டிருப்போம். எங்கள் குளத்தில் நான் இதைத் தினமும் பார்க்கிறேன். இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, முகம் பார்த்து, தோள்வரை தண்ணீரில் இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்கு அது போதும்.

கழுத்து வளையம்

குழந்தையின் கழுத்தைச் சுற்றி மாட்டும் காற்று வளையம். வாங்காதீர்கள். வீட்டுக் குளியல் தொட்டிக்கென்று ஆன்லைனில் விற்கிறார்கள். காற்று குறைந்தால் முகவாய் வழுக்கி வாயும் மூக்கும் தண்ணீருக்குள் போய்விடும். கழுத்து நிற்காத பிள்ளையின் கழுத்தில் பாரம் விழுகிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022 ஜூனில் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. ஒரு குழந்தை இறந்ததும் இன்னொன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும் தங்களுக்குத் தெரியவந்ததாகச் சொன்னது. தசை பலவீனம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குத் தண்ணீர்ச் சிகிச்சை என்ற பெயரில் இதை மாட்டுவதையும் அந்த எச்சரிக்கை தனியாகக் குறிப்பிட்டது. அவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

வளருகிற பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிதாக

தீபாவளிச் சட்டைக்குச் சரி, லைஃப் ஜாக்கெட்டுக்குக் கூடாது. படகில் ஏறும் முன் ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகவாய்க்கும் காதுக்கும் ஏறினால் அது பெரிது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே நிற்கும், பிள்ளை கீழே நழுவும். குழந்தைக்கு இரண்டு காலுக்கும் நடுவே வரும் பட்டை அவசியம். அந்தச் சைஸில் ஜாக்கெட் இல்லை என்று படகுக்காரர் சொன்னால் ஏறாதீர்கள்.

கையில் மாட்டும் டியூப்

கையைத் தூக்கினால் கழன்றுவிடும். கழலாவிட்டாலும் குழந்தை தண்ணீரில் நெட்டுக்குத்தலாக நின்று சைக்கிள் மிதிக்கப் பழகிவிடும். அதை மறக்கடிக்க எனக்கு வாரக்கணக்கில் ஆகிறது.

வெயிலில் வைத்து ஊதுவது

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்ளே காற்று சுருங்கி டியூப் தொளதொளத்துவிடும்.

கடலுக்கும் ஆற்றுக்கும் டியூப்

எந்த வயதுக்கும் வேண்டாம். ஜூன், ஜூலை காலைகளில் நம் கிழக்குக் கடற்கரையில் பெரும்பாலும் கரையிலிருந்து கடலை நோக்கித்தான் காற்று வீசும். அந்தக் காற்றுக்கு டியூப் ஒரு பாய்மரம். துரத்திப் போகிற அப்பாவையும் சேர்த்துத்தான் கடல் இழுக்கும்.

"நாங்கெல்லாம் சுரைப்புருடை கட்டித்தானே பழகினோம்?"

தாத்தாக்கள் கேட்பது. நானும் தோட்டத்துக் கிணற்றில் அப்படிப் பழகியவள்தான். ஆனால் எனக்கு அப்போது ஆறு வயது. முதுகில் சுரைப்புருடை, அதாவது மிதப்பதற்காகக் கட்டும் காய்ந்த சுரைக்காய்க் குடுவை. இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை படியில் நின்ற என் மாமா கையில். அவர் ஒருநாளும் அதை விட்டுவிட்டுப் பீடி பற்றவைக்கப் போனதில்லை.

காசு போட்டு வாங்கிவிட்டேனே மேடம்?

போன ஞாயிறு ஒரு அம்மா கேட்டார். அவருடைய வாத்து டியூபை ஊதிக் கொடுக்கச் சொன்னேன். குழந்தையை அவர் கையில் பிடித்திருக்க, உள்ளே யாரும் உட்காராத அந்த வாத்தை இரண்டு சாண் தள்ளி மிதக்கவிட்டேன். எட்டிப் பிடிக்கக் காலை உதைத்தது பாருங்கள், ஒன்பது மாதப் பிள்ளை! அப்படி விளையாட அந்த டியூப் நல்ல பொருள். ஒன்று மட்டும்: குளத்தைவிட்டு ஏறும்போது அதை எடுத்துக் காற்றைப் பிடுங்கிப் பைக்குள் வைத்துவிடுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டுப் போனால், நீங்கள் துணி மாற்றுகிற நேரத்தில் குழந்தை அதைத் தேடித் தவழ்ந்து வரும்.