வாட்டர்மார்க் போட்டாச்சு சரி, ராவ் ஃபைல் எங்க தம்பி?

போன வாரம் ஸ்டூடியோவுக்கு வேலை கத்துக்க வந்த பையன் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து எதையோ மொத்தமா செலக்ட் பண்ணி டிலீட் அடிச்சுக்கிட்டு இருந்தான். என்னடா பண்றேன்னு கேட்டா, "ராவ் ஃபைல்ணே, கஸ்டமருக்கு ஜேபெக் குடுத்தாச்சு, கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க்கும் உள்ள போட்டாச்சு, டிஸ்க் ஃபுல்லா கெடக்கு"ன்னு ரொம்பப் பெருமையா சொல்றான். ராவ்னா கேமரா எடுத்தபடியே இருக்கிற மூலப் படம்; கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க்னா படம் யாருதுன்னு காட்ட அதுக்குள்ளயே ஒளிச்சு வைக்கிற அடையாளம். எனக்கு வயித்த கலக்கிருச்சு. இதே நாற்காலியில உக்காந்து இதையேதான் நானும் ஒரு காலத்துல பண்ணேன்.

வாட்டர்மார்க் போடுறவங்க பண்ற தப்புல, பாஸ்வேர்டை மறக்குறது, பேக்கப் எடுக்காம விடுறது, படம் கெட்டுப்போற அளவுக்கு மார்க்கை அழுத்திப் போடுறது, இதெல்லாம் எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் வேற எதுக்கு சொல்லணும். பாக்கி உள்ளதை மட்டும் எழுதுறேன்.

கடைசி பிட்ல ஒளிச்சு வைக்கிறது

புதுசா ப்ரோக்ராம் எழுதக் கத்துக்கிட்ட பசங்க எல்லாரும் முதல்ல பண்றது இதுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் 0-லேருந்து 255 வரைக்கும் ஒரு எண் இருக்கு, 200-ஐ 201 ஆக்கினா யாரு கண்ணுக்கும் தெரியாது, அதனால அந்தக் கடைசி பிட்ல பேரை எழுதி வச்சிட்டா முடிஞ்சுதுன்னு நினைப்பாங்க. அந்தப் படத்தை வாட்ஸ்அப்ல ஒரு தடவை சாதாரண ஃபோட்டோவா அனுப்பிப் பாருங்க. வாட்ஸ்அப் அதைத் திரும்ப ஜேபெக்கா சுருக்கும். ஜேபெக் படத்தை 8-க்கு 8 புள்ளி கட்டமா வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளா மாத்தி, எண்களை ரவுண்ட் பண்ணிடும். அந்த ரவுண்டிங்ல முதல்ல சாகுறது உங்க கடைசி பிட்தான். டாக்குமெண்டா அனுப்பினா தப்பிக்கும், ஆனா திருடுறவன் உங்ககிட்ட டாக்குமெண்டாவா கேட்டு வாங்கப் போறான்?

அதனாலதான் 1997-ல காக்ஸ்ங்கிற ஆராய்ச்சியாளரும் அவரு கூட வேலை பாத்தவங்களும் நேர் எதிரா யோசிச்சாங்க. படத்துல எது முக்கியமோ, எதைக் கெடுத்தா படமே கெட்டுப்போகுமோ, அந்தப் பெரிய அலைகள்லயே மார்க்கை மெல்லிசா பரப்பி வைக்கணும்னாங்க. அவங்க சோதனையில ஒரு படத்துல 1000 இடத்துல கொஞ்சம் கொஞ்சமா தூவினாங்க. சாம்பார்ல உப்பு மாதிரி, தனியா எடுக்க முடியாது.

மெட்டாடேட்டாவை வாட்டர்மார்க்னு நினைக்கிறது

மெட்டாடேட்டான்னா ஃபைலோட சேந்து வர்ற பேரு, தேதி மாதிரி விவரம். அது சட்டையில குத்தின பேட்ஜ், கழட்ட ஒரு செகண்ட் போதும்.

ஒரிஜினலை அழிச்சிட்டு மார்க்கை நம்புறது

இதைத்தான் கொஞ்சம் பெருசா சொல்லணும், ஏன்னா இன்னைக்கு நினைச்சாலும் எரிச்சலா வருது.

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டமெல்லாம் செம்பனைக்கு மாறிக்கிட்டு இருந்த நேரம். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுற ஆளுங்களே கொறைஞ்சு போனாங்க. ஒரு தோட்டத்துல ஒரு பாட்டி மட்டும் இன்னமும் இருட்டோட எந்திரிச்சு, தலையில விளக்கு கட்டிக்கிட்டு, மரத்துக்கு மரம் போயி மங்குல பால் விழுறதைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. மூணு நாள் விடிகாலையில போயி அவங்களை எடுத்தேன். அதுல ஒரு படம், விளக்கு வெளிச்சம் மரத்துல பட்டு அவங்க மூஞ்சில திரும்பி விழுது, சொந்தப் பெருமைக்கு சொல்லலை, இன்னைக்கு வரைக்கும் அப்படி ஒண்ணு எனக்கு அமையலை.

வாட்டர்மார்க் போட்டேன். நெட்ல ஏத்தினேன். அப்ப டிஸ்க் விலை எனக்குக் கட்டுப்படியாகலை, அடுத்த வாரம் கல்யாண ஆர்டர் வேற இருந்துச்சு, மெமரி கார்டை ஃபார்மட் பண்ணிட்டு ராவ் ஃபைலையும் தூக்கிட்டேன். மார்க் போடாத பெரிய சைஸ் ஜேபெக் ஒண்ணு கையில இருக்கே, அது போதும்னு ஒரு தைரியம்.

அடுத்த வருஷம் பாட்டி என்னைய கடைத்தெருவுல புடிச்சுக்கிட்டாங்க. "ஏன்டா தம்பி, என் மூஞ்சியப் போட்டு காலண்டர் அடிச்சு வித்திருக்கியே, எனக்கு ஒண்ணு குடுக்கணும்னு தோணலையா?" மளிகைக் கடையில போயி பாத்தா ஜனவரி மாசத்துக்கு மேல பாட்டி நிக்கிறாங்க. நான் அடிக்கலை, விக்கலை. ஒரு பைசா வாங்கலை.

காலண்டர் அடிச்ச ஆளைத் தேடிப் புடிச்சு, லாப்டாப்பை எடுத்துட்டுப் போயி, அவங்க ஃபைல்ல என் மார்க்கை டிடெக்ட் பண்ணிக் காட்டினேன். அவரு பதறவே இல்லை. உள்ள போயி ஒரு டிஃப் (TIFF, தரம் குறையாம சேமிக்கிற பட வகை) ஃபைலைக் கொண்டாந்தாரு, இதுதான் என் ஒரிஜினல்னாரு, அவரோட சாஃப்ட்வேரை ஓட்டினாரு, அதே படத்துல அவரு மார்க்கும் இருக்குன்னு வந்துச்சு. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. ஒரு படத்துல ரெண்டு மார்க் எப்படி?

வித்தை இதுதான். என் ஒரிஜினல்ல ஒரு புள்ளி 120-னு வச்சுக்குங்க. நான் மார்க்குக்காக 2 கூட்டினேன், வெளியில போனது 122. அவரு 122-லேருந்து தன் மார்க் 1-ஐக் கழிச்சு 121-னு ஒரு "ஒரிஜினல்" தயார் பண்ணிக்கிறாரு. 121-ஓட 1 சேத்தா 122, கணக்கு டாண்ணு நிக்குது. என் கணக்கும் நிக்குது. அதைவிடக் கொடுமை, ஆயிரக்கணக்கான புள்ளியைச் சேத்துப் பாத்தா, என் மார்க் அவரு "ஒரிஜினல்"ல இருக்கிற மாதிரியே அவரு மார்க்கும் என் ஒரிஜினல்ல இருக்கிற மாதிரி வரும். வக்கீல் வந்தாலும் ஜட்ஜ் வந்தாலும் ரெண்டு பக்கமும் தராசு சமமாத்தான் நிக்கும். இதை 1998-லயே க்ரேவர், மேமன், இயோ, இயுங் நாலு பேரும் எழுதி வச்சிட்டாங்க. நான்தான் படிக்கலை.

என் ராவ் ஃபைல் மட்டும் இருந்திருந்தா கதையே வேற. அதுல ஃப்ரேம் ஓரத்துல என் மோட்டார் சைக்கிள் டயர் தெரியும், நான்தான் அழகுக்காக க்ராப் பண்ணேன். அதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்த நாப்பது படம் வரிசையா இருந்திருக்கும். வெளியில போன படத்துல இல்லாத ஓரத்தை எவனும் கழிச்சுக் கண்டுபிடிக்க முடியாது. கேமரா சென்சாருக்குன்னே ஒரு இரைச்சல் ரேகை உண்டு, நம்ம கைரேகை மாதிரி, ஒண்ணு போல ஒண்ணு இருக்காது. எந்தக் கேமராவுல எடுத்த படம்னு அதை வச்சே பாக்கலாம்னு லூகாஷ், ஃப்ரிட்ரிச், கோல்யான் மூணு பேரும் 2006-லயே காட்டிட்டாங்க. எல்லாத்தையும் நானே ஃபார்மட் பண்ணேன், என் விரலாலயே.

கடைசியா பாட்டியையே சாட்சிக்குக் கேட்டுப் பாத்தேன். "அந்த மாசம் நாலு பேரு வந்து எடுத்தாங்கப்பா, யாரு எதை எடுத்தான்னு எனக்கென்ன தெரியும்"னாங்க. அவங்க மேல தப்பே இல்லை.

இப்ப நான் பண்றது இப்படி. ராவ் ஃபைல் ரெண்டு டிஸ்க்ல, ஒண்ணு வீட்டுல ஒண்ணு ஸ்டூடியோவுல. வெளியில விடுற படத்துல நாலு ஓரமும் கொஞ்சம் வெட்டித்தான் விடுவேன். மார்க்கை நான் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்குறது இல்லை, ஒரிஜினலோட ஹாஷ்லேருந்து (ஃபைலை வச்சு கணக்குப் போட்டு வர்ற, அதோட கைரேகை மாதிரி ஒரு எண்) வர்ற மாதிரி வச்சிருக்கேன், அப்பதான் படத்துலேருந்து கழிச்சு பின்னோக்கிப் போறது கஷ்டம். முக்கியமான படம்னா, வெளியிடுறதுக்கு முன்னாடியே ராவ் ஃபைலோட ஷா-256 ஹாஷை, அந்த 64 எழுத்தையும், ஒரு சத்தியப் பிரமாணத்துல டைப் பண்ணி கமிஷனர் ஃபார் ஓத்ஸ் முன்னாடி கையெழுத்து. அவரு என்னைய ஒரு மாதிரியாத்தான் பாப்பாரு, பாக்கட்டும், தேதி விழுந்தா சரி. மலேசிய அறிவுசார் சொத்து அலுவலகமான மைஐபிஓவுல காப்பிரைட்டுக்கு விருப்பப் பதிவும் 2012-லேருந்து இருக்கு. பதிவு பண்ணலைன்னாலும் காப்பிரைட் உங்களுதுதான், ஆனா சண்டைன்னு வந்தா தேதி போட்ட பேப்பர் பேசும்.

எல்லாப் படத்துக்கும் ஒரே மார்க்

இருநூறு படத்தை அடுக்கி சராசரி எடுத்தா படமெல்லாம் கலங்கிப்போயி மார்க் மட்டும் பளிச்சுனு மேல வந்துரும். படத்துக்குப் படம் மாத்துங்க.

டிடெக்டரை ஊருக்கே குடுக்குறது

குடுக்காதீங்க. டிடெக்டர்னா படத்துல மார்க் இருக்கா இல்லையான்னு சொல்ற சாஃப்ட்வேர். திருடுறவன் அதை வச்சே படத்தைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி, எப்ப "இல்லை"ன்னு வருதோ அங்க நிறுத்திக்குவான்.

டெஸ்ட் பண்ணாம நம்புறது

விளம்பரத்துல எல்லாமே தாங்கும். கேம்ப்ரிட்ஜ்ல பெட்டிகோலாஸ் குழு ஸ்டிர்மார்க்னு ஒரு டூல் பண்ணாங்க, படத்தை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு லேசா வளைச்சு நெளிச்சு விடும், அவ்வளவுதான், அந்தக் காலத்து மார்க் பலதும் அதுலயே படுத்துருச்சு. நீங்களும் உங்க படத்தை வாட்ஸ்அப்ல ரெண்டு கை மாத்தி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, ஒரு டிகிரி சாய்ச்சு, பிரிண்ட் போட்டு திரும்ப ஃபோன்ல எடுத்துப் பாருங்க. பிரிண்ட்ல பாதி செத்துப்போகும். தெரிஞ்சுக்கிட்டு சாகட்டும்.

ஆர்டர் வேலையில ஒரு வரி எழுதாம போறது

இது வாட்டர்மார்க் பசங்க யாரும் பேசுறதே இல்லை. மலேசியாவோட 1987 காப்பிரைட் சட்டம், 26-வது பிரிவு: ஒருத்தர் காசு குடுத்து எடுக்கச் சொன்ன படத்தோட காப்பிரைட், வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா, எடுக்கச் சொன்னவருக்குப் போயிடுச்சுன்னுதான் கணக்கு. கல்யாணம், கோயில் திருவிழா எல்லாம் அப்படித்தான். மார்க்கு என்னவோ எடுத்தது நீங்கதான்னு காட்டும், ஆனா உரிமை மாப்பிள்ளை வீட்டுல இருக்கும். அதனால உரிமை யாருக்குன்னு ஒரு வரியை என் பில் புக்ல அட்வான்ஸ் கட்டத்துக்குக் கீழயே அச்சடிச்சு வச்சிருக்கேன். நம்ம பையன் நேத்து அந்த புக்ல ஒரு பில் எழுதினான், கஸ்டமர் கையெழுத்து வாங்க மறந்துட்டான். ஃபோன் பண்ணி வரச் சொல்லியிருக்கேன்.