கோலாலம்பூர்ல இறங்கி சிங்கப்பூர்ல கப்பல் ஏறப் போறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

நம்ம கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கம் இப்ப க்ரூஸ் போற ஆளுங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க. அறுபதாம் கல்யாணம், டீலர் மீட்டிங், பையன் வேலைக்கு போய் முத சம்பளம்னு ஏதாவது ஒரு சாக்கு. ரூட்டும் பாதி பேருக்கு ஒண்ணுதான், பெங்களூர்ல ஃப்ளைட் ஏறி கோலாலம்பூர்ல இறங்கறது, அங்கருந்து பஸ்ல சிங்கப்பூர், அங்க கப்பல். கோலாலம்பூர் டிக்கெட் கம்மியா கிடைக்கும், மலேசியாவுக்கு 2026 டிசம்பர் 31 வரைக்கும் நமக்கு விசாவும் வேணாம், அதனால இந்த ஐடியா யாருக்கும் தானா வரும். நான் டிக்கெட் விசா வேலை பாக்கறவன். தொழிலுக்கு வந்த புதுசுல நாங்க போட்டுக் குடுத்த அதே கோணல் பிளானை இப்பவும் ஜனங்க ஃபோன்ல நோட் பண்ணிட்டு வந்து "இது ஓகேவா ண்ணா"ன்னு கேக்கறாங்க, அதான் எழுதறேன்.

பாஸ்போர்ட்ல ஆறு மாசம் வேலிடிட்டி இருக்கணும், இன்சூரன்ஸ் போடணும், இதெல்லாம் சொல்ல மாட்டேன். தெரியாதவங்க யாரும் இல்ல.

இறங்கற நாள்லயே கப்பல் ஏறலாம்ங்கற கணக்கு

இதுதான் என்னை இன்னிக்கு வரைக்கும் கடுப்பேத்தறது.

கணக்கு எப்படி போடுவாங்கன்னு சொல்றேன். பெங்களூர்ல ராத்திரி ஃப்ளைட், காலைல ஆறு மணிக்கு கோலாலம்பூர். கப்பல் சாயங்காலம் அஞ்சு மணிக்கு. நடுவுல பதினோரு மணி நேரம், பஸ் அஞ்சு ஆறு மணி நேரம்தான், அப்ப மத்தியானம் சிங்கப்பூர்ல சாப்டுட்டு பொறுமையா போலாம். பேப்பர்ல பாத்தா நல்லாத்தான் இருக்கும்.

இப்ப நிஜத்துல பாருங்க. ஆறு மணிக்கு வீல் தரைல படும். இமிக்ரேஷன் க்யூ, பேக், பாத்ரூம், சிம் கார்டுன்னு வெளிய வர ஏழரை. ஏர்போர்ட்ல இருந்து கேஎல்ஐஏ டிரான்ஸிட் ட்ரெயின்ல பண்டார் தாசிக் செலாத்தான் ஸ்டேஷன்ல இறங்கினா டிபிஎஸ்ங்கற பெரிய பஸ் ஸ்டாண்ட், தெற்க போற பஸ்ஸெல்லாம் அங்கருந்துதான். அங்க போய் சேரவே எட்டரை ஒம்போது. ஒம்போதரை பஸ் கிடைச்சுதுன்னு வைங்க, சுமார் 350 கிலோமீட்டர், நடுவுல சாப்பாட்டுக்கு ஒரு ஸ்டாப், மலேசியா எல்லை ஊரான ஜோகூர் பாரு வரும்போது ரெண்டு மணி. இன்னும் பார்டரே தாண்டல.

அந்த பார்டர்தான் விஷயம். நமக்கு பார்டர்னா என்ன, ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி, டோல்ல ஃபாஸ்டேக் பீப்னு சத்தம் வந்தா கர்நாடகா. அதே மாதிரி பஸ்ல உக்காந்தபடியே போயிடலாம்னு ஜனங்க நினைக்கறாங்க. ஜோகூர் பாருவுக்கும் சிங்கப்பூர் உட்லண்ட்ஸுக்கும் நடுவுல இருக்கற காஸ்வே, அதாவது கடலுக்கு குறுக்க போட்ட ரோடு, ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான், நடந்தா கால் மணி நேரம். ஆனா உலகத்துலயே ரொம்ப கூட்டமான தரைவழி பார்டர்ல அதுவும் ஒண்ணு. தினமும் லட்சக்கணக்கான பேர் வேலைக்கும் ஸ்கூலுக்கும் அதுல போய் வர்றாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்து ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும், அப்புறம் சிங்கப்பூர் ஸ்கூல் லீவு விடற ஜூன், நவம்பர் டிசம்பர், ஹரி ராயா, சீனப் புத்தாண்டு, இந்த சமயத்துல எல்லாம் மணிக்கணக்குல நிக்கும். கப்பல் முக்காவாசி எப்ப கிளம்புது? வீக்கெண்டை ஒட்டித்தான்.

ரெண்டு தடவை இறங்கணும் வேற. மலேசியா பக்கம் சுல்தான் இஸ்கந்தர் பில்டிங்ல இறங்கி எக்ஸிட் அடிக்கணும், திரும்ப பஸ், காஸ்வே, அப்புறம் உட்லண்ட்ஸ்ல மறுபடி இறங்கி சிங்கப்பூர் இமிக்ரேஷன், லக்கேஜ் ஸ்கேன், அந்தப் பக்கம் போய் பஸ் பிடிக்கணும். சிங்கப்பூர் பக்கம் இறங்கும்போது பெட்டி எல்லாத்தையும் தூக்கிட்டுத்தான் இறங்கணும். லாங் டிஸ்டன்ஸ் பஸ் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும், ஒரே ஒரு ஆளுக்காக அரை மணி நேரம் நிக்காது, டிரைவர் போயிட்டே இருப்பார்.

பாலக்கோடு பக்கம் ஒரு குடும்பம், தக்காளி மண்டி வெச்சிருக்கறவங்க, புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பசங்க, முட்டி வலி இருக்கற ஒரு பாட்டி. புக்கிங் வேற ஒருத்தர்கிட்ட, சனிக்கிழமை கப்பல், சனிக்கிழமை காலைல கோலாலம்பூர். உட்லண்ட்ஸ் க்யூல பாட்டிக்கு நிக்க முடியல, உக்கார வெச்சு உக்கார வெச்சு கூட்டிட்டு வந்திருக்காங்க, அப்புறம் அரைவல் கார்டுல, அதாவது போறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல போடற நுழைவு ஃபார்ம்ல, அந்தம்மாவோட பாஸ்போர்ட் நம்பர் ஒரு எழுத்து தப்பா இருக்குன்னு தனியா கூப்ட்டு சரி பண்ண சொல்லிட்டாங்க. வெளிய வந்தா பஸ் இல்ல. ஆறு பெட்டியோட டாக்ஸிக்கு நின்னு, ரெண்டு டாக்ஸி பிடிச்சு, துறைமுகம் போய் சேந்தப்ப நாலரை. கப்பல் அங்கயேதான் நிக்குது, கண்ணாடி வழியா தெரியுது, பசங்க கைய ஆட்டறாங்க. கவுன்டர் மூடியாச்சு. அஞ்சு மணிக்கு கிளம்பற கப்பல்னா அஞ்சு மணி வரைக்கும் ஏத்துவாங்கன்னு அர்த்தம் இல்ல, பொதுவா ஒரு மணி ஒன்றரை மணி நேரம் முன்னாடியே செக்-இன் முடிஞ்சிரும், அந்த நேரம் போர்டிங் பாஸ்லயே போட்டிருக்கும். அவங்க பாஸ்லயும் போட்டிருந்துச்சு, எனக்கு வாட்ஸாப்ல அனுப்பினதுல நான் பாத்தேன், மூணரை. யாரும் படிக்கல, புக் பண்ணிக் குடுத்தவரும் சொல்லல.

பணம் ஒரு ரூபா திரும்ப வரல. வராமப் போனா ரீஃபண்ட் கிடையாதுன்னு கண்டிஷன்லயே இருக்கும். இதுல பெரிய கொடுமை என்னன்னா அந்த கப்பல் மறுநாள் போய் நின்னது போர்ட் கிளாங், அதாவது கோலாலம்பூருக்கு பக்கத்துலயே இருக்கற துறைமுகம், அவங்க முந்தின நாள் காலைல வந்து இறங்கின ஊருக்கு ஒரு மணி நேரத் தூரம். "அங்க போய் ஏறிக்கலாமா ண்ணா"ன்னு ராத்திரி எனக்கு கால். நடுவுல ஏறணும்னா கம்பெனி முன்கூட்டியே பர்மிஷன் குடுத்திருக்கணும், பயணிகள் லிஸ்ட்ல மாத்தணும், சும்மா போய் நின்னா ஏத்த மாட்டாங்க.

அதனால கப்பலுக்கு முந்தின நாள் ராத்திரியே சிங்கப்பூர்ல படுத்துருங்க. சின்ன ரூமா இருந்தாலும் பரவால்ல, லிட்டில் இந்தியால போடுங்க, இட்லியும் கிடைக்கும். ரூம் காசு வேஸ்ட்னு தோணினா கப்பல் டிக்கெட் விலைய ஒருக்கா எடுத்துப் பாத்துக்கோங்க.

க்ரூஸ் மட்டும்தான் பிளான்னா கோலாலம்பூரே தேவையில்ல, பெங்களூர், சென்னை, திருச்சி மூணுல இருந்தும் சிங்கப்பூருக்கு நேரா ஃப்ளைட் இருக்கு. தர்மபுரிக்காரங்க திருச்சிய மறந்தே போறாங்க. பத்துமலை முருகனைப் பாக்கணும், ரெண்டு நாள் மலேசியா சுத்தணும்னா மட்டும் இந்த ரூட் எடுங்க, சுத்திட்டு வார நாள்ல காலைல சீக்கிரமா பார்டர் தாண்டுங்க. ஜோகூர் பாரு சென்ட்ரல்ல இருந்து உட்லண்ட்ஸுக்கு ஒரு ஷட்டில் ட்ரெயினும் உண்டு, அஞ்சு நிமிஷப் பயணம், கிடைச்சா அதிர்ஷ்டம், சீட்டு சீக்கிரம் தீந்துரும்.

மலேசியாவுக்கு விசா இல்லன்னா சிங்கப்பூருக்கும் இல்லன்னு நினைக்கறது

சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேணும். கண்டிப்பா.

சிங்கப்பூர் விசால எத்தனை என்ட்ரின்னு பாக்காம விடறது

பார்டர்ல நுழையறது ஒண்ணு. கப்பல்ல போயிட்டு திரும்ப சிங்கப்பூர்ல இறங்கறது இன்னொண்ணு. சிங்கிள் என்ட்ரின்னு வந்திருந்தா போறதுக்கு முன்னாடியே பேசி முடிங்க, கப்பல்காரங்களே செக்-இன்ல ஏத்த மாட்டேம்பாங்க.

அரைவல் கார்டுக்கு காசு கட்டறது

மலேசியாவுக்கு எம்டாக், சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு. ரெண்டும் ஆன்லைன், ரெண்டும் ஃப்ரீ, ரெண்டும் போய் சேர்றதுக்கு மூணு நாளைக்குள்ள போடறது. கூகுள்ல முதல்ல வர்ற சைட்டுங்க பாதி காசு புடுங்கற சைட்டு. பெட்ரோல் பங்க்ல நின்னு அவசரமா அடிக்காம, பாஸ்போர்ட்டை கைல வெச்சுட்டு ஒவ்வொரு எழுத்தா அடிங்க, பாலக்கோட்டுக்காரங்க கதை மேல சொன்னேன்ல. கப்பல்ல இருந்து திரும்ப சிங்கப்பூர் வரும்போது புதுசா இன்னொரு கார்டு போடணும், கப்பல் வைஃபை காசு, அதனால நடுவுல ஏதாவது ஊர்ல இறங்கும்போது சிக்னல் இருக்கறப்பவே போட்டுருங்க.

எந்த துறைமுகம்னு பாக்காம டாக்ஸி ஏறறது

சிங்கப்பூர்ல ரெண்டு இடம். மெரினா பே க்ரூஸ் சென்டர், பெரிய கப்பல்லாம் அங்க, எம்ஆர்டில, அதாவது அங்கத்த மெட்ரோ ட்ரெயின்ல, போனா மெரினா பே ஸ்டேஷன்ல இறங்கிடாதீங்க, அடுத்தது மெரினா சவுத் பியர், அதான் பக்கம். இன்னொண்ணு ஹார்பர்ஃப்ரண்ட்ல இருக்கற சிங்கப்பூர் க்ரூஸ் சென்டர், விவோசிட்டி மால் பக்கத்துல. டிரைவர்கிட்ட "க்ரூஸ் சென்டர்"னு மட்டும் சொன்னா அவர் பாட்டுக்கு எதுக்காவது போயிடுவார்.

டூட்டி ஃப்ரீ பாட்டில்

கோலாலம்பூர் ஏர்போர்ட்ல மாமாவுக்குன்னு வாங்குவாங்க. மலேசியால இருந்து சிங்கப்பூர் நுழையறவங்களுக்கு சரக்குல டூட்டி ஃப்ரீ சலுகையே கிடையாது, ஒரு பாட்டிலா இருந்தாலும் டிக்ளேர் பண்ணி வரி கட்டணும். சிகரெட்டும் அதே கதை, ஒரு பாக்கெட்டுக்கும் வரி உண்டு. வேப், அதாவது இ-சிகரெட், கொண்டு போகவே கூடாது, அங்க அது குத்தம்.

எலக்ட்ரிக் கெட்டில், அயர்ன் பாக்ஸ்

கப்பல்ல பிடுங்கி வெச்சுக்குவாங்க. வீட்லயே வைங்க.

திரும்பற அன்னிக்கே காலைல ஃப்ளைட்

கப்பல் ஏழு மணிக்கு கரைக்கு வரும்னு போட்டிருப்பாங்க, ஆனா டெக் டெக்கா கூப்ட்டு இறக்கி, பேக் எடுத்து, இமிக்ரேஷன் முடிச்சு வெளிய வர பத்து பத்தரை ஆகலாம். சாங்கி, அதாவது சிங்கப்பூர் ஏர்போர்ட், அங்கருந்து ஃப்ளைட் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல போடுங்க. அதே நாள்ல திரும்ப பஸ் ஏறி கோலாலம்பூர் போய் ராத்திரி ஃப்ளைட் பிடிக்கறேன்னு சொல்றவங்களுக்கு நான் டிக்கெட் போட்டுக் குடுக்கறதில்ல, வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடுவேன்.