"குயா, நான் ஹாங்காங் போகட்டுமா?": கால் சென்டரா வெளிநாடா என்று கணக்குப் போடும் முறை

2025 தொடக்கத்தில் ஒரு நாள், காலை ஆறரை மணி. என் மனைவியின் தங்கை கால் சென்டரில் இரவு ஷிப்ட் முடிந்து மணிலாவின் ஓர்ட்டிகாஸ் பகுதியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியபடி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "குயா, நான் ஹாங்காங் போகட்டுமா?" என்று கேட்டாள். வீட்டு வேலைக்கு. குயா என்றால் தகலாக் மொழியில் அண்ணன்.

மணிலாவில் பதினோரு வருடமாக கால் சென்டரில் புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். வகுப்புக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு வருவார். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ உங்களோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரரிடமும் ஊரிலிருக்கும் தங்கையோ தம்பியோ இதையே கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களோடு உட்கார்ந்து யோசிக்க உதவும் என்றுதான் நான் செய்கிற முறையை எழுதுகிறேன்.

சம்பளத்தில் ஆரம்பிக்காதீர்கள். எவ்வளவு பணம் வேண்டும், எதற்கு, எந்தத் தேதிக்குள்? முதலில் அதை எழுதச் சொல்லுங்கள். பலருக்கு இதற்குப் பதிலே இருக்காது. "குடும்பத்துக்காக" என்பார்கள். 1974-ல் பிலிப்பைன்ஸில் அதிபர் மார்கோஸ் ஆட்சியில் வந்த தொழிலாளர் சட்டம் வெளிநாட்டு வேலையை அரசாங்கத் திட்டமாகவே ஆக்கியது. வெளிநாட்டில் உழைப்பவர்களை 'புதிய நாயகர்கள்' என்று அரசே புகழ்ந்து பழக்கியிருக்கிறது. அதனால் போவதுதான் தியாகம், இருப்பது சோம்பேறித்தனம் என்று வீட்டில் ஒரு பேச்சு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சை அடக்க ஒரு தொகை கையில் வேண்டும். இவள் எழுதியது: இரண்டு வருடத்தில் 3 லட்சம் பெசோ. லகூனா மாகாணத்தில் அம்மா வீட்டுக் கூரைக்கும், அங்கே வளரும் ஆறு வயது மகளின் படிப்புக்கும்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டோம்.

இடது பக்கம் கால் சென்டர். அடிப்படைச் சம்பளம் 22,000 பெசோ. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை செய்யும் வேலைக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது சட்டம். அது சுமார் 1,900. எஸ்.எஸ்.எஸ். (சமூகப் பாதுகாப்பு), ஃபில்ஹெல்த் (மருத்துவக் காப்பீடு), பாக்-இபிக் (வீட்டு நிதி) மூன்று சந்தாக்களுக்கும் பிடிப்பது 1,850. ஆக இரவு முழுக்க கண் விழித்து வாங்கும் படி அப்படியே பிடித்தத்தில் போய்விடுகிறது. மண்டலுயோங்கில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு, சாப்பாடு, ஜீப்னி, போன் எல்லாம் 12,500. மகளுக்காக அம்மாவுக்கு 6,000. மிச்சம் மாதம் 3,500. 24 மாதத்துக்கு 84,000. பதின்மூன்றாம் மாதச் சம்பளம் சட்டப்படி கட்டாயம், டிசம்பர் 24-க்குள் கைக்கு வந்தாக வேண்டும். அது இரண்டு தடவைக்கு 44,000. மொத்தம் 1,28,000.

வலது பக்கம் ஹாங்காங். வீட்டு வேலைக்கு வரும் வெளிநாட்டவருக்கு அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் 4,990 ஹாங்காங் டாலர், அதாவது ஏறக்குறைய 37,000 பெசோ. தங்குவது முதலாளி வீட்டில். சாப்பாடோ அதற்கான படியோ அவர்கள் பொறுப்பு. கைச்செலவும் சந்தாக்களும் போக 28,000, மகளுக்கு 6,000 போக 22,000. இரண்டு வருடத்தில் 5,28,000.

அந்த எண்ணைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. நான் பேனாவை வைக்கவில்லை. "ஏஜென்சிக்கு எவ்வளவு கேட்டார்கள்?" என்றேன். 90,000. 'பயிற்சிக் கட்டணம்' என்று பெயர். கையில் இல்லை என்று இவள் சொன்னதும், கடன் தருகிற ஆளையும் அவர்களே காட்டியிருக்கிறார்கள். வட்டி ஃபைவ்-சிக்ஸ் கணக்கு. ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும், மாதத்துக்கு 20 சதவீதம். (இங்கே இந்தத் தொழிலில் மோட்டார் சைக்கிளில் வசூலுக்கு வரும் இந்தியர்கள் நிறைய. 'பும்பாய்' என்பார்கள். கல்யாணமான புதிதில் என்னையும் தெருவில் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த வட்டி ஒரு வீட்டை என்ன செய்யும் என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.)

90,000-க்கு முதல் மாத வட்டி மட்டும் 18,000. மிச்சமாகும் 22,000 முழுவதையும் கட்டினாலும் அசலில் 4,000தான் குறையும். மாதம் மாதமாகக் கீழே இறங்கி எழுதினோம்: 86,000, 81,200, 75,440... கடன் தீர பத்து மாதம். கட்டியது மொத்தம் 2,06,000. அது போனாலும் இரண்டு வருடக் கடைசியில் 3,22,000 நிற்கிறது. "அப்படியும் இது அதிகம்தானே குயா?" என்றாள். எண்ணைப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பத்து மாதமும் வீட்டம்மா நாளுக்கு பதினாறு மணி நேரம் வேலை வாங்கினாலும் இவள் வாய் திறக்க முடியாது. ஹாங்காங்கில் ஒப்பந்தம் முறிந்தால் பொதுவாக இரண்டு வாரத்தில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வேலை போனாலும் வட்டி நிற்காது. நானும் ஒரு காலத்தில் கடன் வாங்கித்தான் துபாய் போனவன். சம்பளத்தைப் பாதியாகக் குறைத்தபோதும் தலையாட்டிக்கொண்டு நின்றதற்கு அந்தக் கடன் ஒன்றுதான் காரணம். இரண்டில் எது என்று என்னைக் கேட்டால், கடன் இல்லாமல் முடியுமென்றால் ஹாங்காங், கடனோடு என்றால் இப்போதைக்கு கால் சென்டர் என்றுதான் சொல்வேன்.

அந்த 90,000 கேட்டதே தவறு. பிலிப்பைன்ஸ் விதிப்படி, வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகிறவரிடம் ஏஜென்சி வேலை வாங்கிக் கொடுத்த கட்டணம் என்று எதையும் வாங்கக் கூடாது. கப்பல் வேலைக்கும் அப்படியே. மற்ற வேலைகளுக்கு அதிகபட்சம் ஒரு மாத அடிப்படைச் சம்பளம், அதுவும் ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு, ரசீதோடு. பெயரை 'பயிற்சி' என்று மாற்றினால் பணம் வேறாகிவிடாது. "ரசீது கொடுப்பீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு வா" என்று அனுப்பினேன். மறுநாள் போய்க் கேட்டாள். அங்கிருந்த பெண் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாளாம்.

ஏஜென்சியைச் சோதிப்பது கடினமில்லை. வெளிநாட்டு வேலைகளைக் கவனிக்கும் துறைக்கு டி.எம்.டபிள்யூ. என்று பெயர். முன்பு இதைக் கவனித்த பி.ஓ.இ.ஏ. அமைப்பு அதற்குள் சேர்ந்துவிட்டது. அதன் இணையதளத்தில் ஏஜென்சியின் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமம் மட்டும் போதாது. அந்த நாட்டில் அந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்டு, துறை அனுமதித்த 'ஜாப் ஆர்டர்' அவர்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எட்சா சாலையும் ஓர்ட்டிகாஸ் அவென்யூவும் சேரும் இடத்தில்தான் அதன் அலுவலகம், இரவு ஷிப்ட் முடிந்து நடந்தே போய் நேரில் கேட்கலாம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் கிளம்பும் முன் ஓ.இ.சி. என்ற வெளிநாட்டு வேலைச் சான்றிதழ் கைக்கு வரும்.

"சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கால் சென்டர் பிள்ளைகளுக்கு இதில் தனி ஆபத்து இருக்கிறது. தாய்லாந்தில் வாடிக்கையாளர் சேவை வேலை, இரண்டு மடங்கு சம்பளம் என்று கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மரில் மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த கதைகள் 2022-லிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. ஆங்கிலமும் கணினியும் தெரிந்த இவர்களைத்தான் தேடி வருகிறார்கள். சந்தேகம் வந்தால் 1343, ஆள் கடத்தலுக்கு எதிரான பிலிப்பைன்ஸ் உதவி எண்.

சரி, இங்கேயே இருக்கலாம் என்றாலும் கேட்க வேண்டியவை உண்டு. எந்த அக்கவுன்ட், அதாவது எந்த வாடிக்கையாளர் நிறுவனத்துக்கான வேலை என்று கேளுங்கள். அமெரிக்காவில் பில் பாக்கிக்குத் திட்டு வாங்கும் அக்கவுன்ட்டும் ஹோட்டல் முன்பதிவு அக்கவுன்ட்டும் ஒன்றல்ல, முதல் வகையில் மூன்று மாதத்தில் குரல் போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவக் காப்பீடு முதல் நாளிலிருந்தா, ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்த பிறகா? பாதியில் விட்டால் பயிற்சிப் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லும் பாண்ட் இருக்கிறதா? முக்கியமாக, வாடிக்கையாளர் நிறுவனம் விலகினால் என்ன செய்வார்கள்? ஊழியரைச் சம்பளமில்லாமல் ஆறு மாதம் வரை 'ஃப்ளோட்டிங்' என்று நிறுத்திவைக்க சட்டம் இடம் கொடுக்கிறது. மாதம் 3,500 மிச்சம் பிடிக்கிறவர் அதைத் தாங்க முடியாது.

நர்ஸ் படித்தவர்களிடம் நான் வேறு மாதிரி பேசுவேன். வெளிநாட்டு மருத்துவமனைகள் பெரும்பாலும் சமீபத்திய வார்டு அனுபவத்தைக் கேட்கும். கால் சென்டரில் இரண்டு வருடம் போனால் அந்த அனுபவம் பழையதாகிவிடும். அமெரிக்க நர்ஸ் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு மட்டும் மணிலாவிலேயே மருத்துவ அக்கவுன்ட்களில் மற்றவர்களை விட நல்ல சம்பளம் கிடைக்கிறது. போகும் எண்ணம் இருந்தால் வார்டை விடாதே என்பேன்.

பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பதை 'அம்மா பார்த்துக்கொள்வாள்' என்று ஒரு வரியில் முடிக்க விடாதீர்கள். அம்மாவையே போனில் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் மாமியார் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முழங்கால் வலிக்கிறது, ஆனால் ஒரு வருடம் முடியும்" என்றார். ஒப்பந்தமோ இரண்டு வருடம். அதனால் அந்த இரண்டாவது வருடத்துக்கு உதவிக்கு ஆள் வைக்க மாதம் 5,000 என்று வலது பக்கத்தில் ஒரு வரி கூடியது.

அவள் எட்டு மாதம் கால் சென்டரிலேயே இருந்தாள். பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, டெஸ்டா என்ற அரசுத் தொழிற்பயிற்சி அமைப்பின் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் சம்பளத்திலிருந்தே எடுத்தாள். கட்டணம் கேட்காத வேறு ஏஜென்சி அதற்குள் கிடைத்தது. கிளம்பும் முன் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து என் போனுக்கு அனுப்பினாள். அங்கே போனதும் வேறு தாளில் கையெழுத்து கேட்டால், கையெழுத்துப் போடும் முன் என்னைக் கூப்பிட வேண்டும், இரவு எத்தனை மணியானாலும். பாஸ்போர்ட் அவள் பையில்தான் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.