'ஃபால்டி டவர்ஸ்' ஏன் சிரிக்க வைக்கிறது: பிரித்துப் பார்க்க ஒரு வழி

எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவுக்கு நகைச்சுவை நாடகம் எழுதுவது என் தலையில் விழுந்த வேலை. "சார், நல்ல ஜோக்குதானே, ஏன் யாருமே சிரிக்கல?" என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் ஒன்றுதான். 'ஃபால்டி டவர்ஸ்' பாருங்கள், நான் சொல்கிற மாதிரி பாருங்கள்.

இது பிபிசியில் வந்த ஆங்கில டிவி காமெடித் தொடர். 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு, மொத்தமே 12 எபிசோடுதான். எழுதியவர்கள் ஜான் கிளீஸ், கானி பூத். இங்கிலாந்தின் கடலோர ஊரான டார்க்கியில் ஒரு சின்ன ஹோட்டல். முதலாளி பேசிலுக்கு விருந்தாளிகளைக் கண்டாலே ஆகாது. 1970-ல் கிளீஸ் அதே ஊரில் தங்கிய ஒரு ஹோட்டலின் உரிமையாளர்தான் பேசிலுக்கு மூலம்.

'கம்யூனிகேஷன் பிராப்ளம்ஸ்' என்ற எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை பேனாவைத் தொடாதீர்கள். சிரித்துவிட்டு எழுந்து போங்கள்.

இரண்டாம் தடவை ஒரு தாளில் ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள்: இவருக்கு என்ன வேண்டும், இவரால் என்ன முடியாது. பேசில் குதிரைப் பந்தயத்தில் 75 பவுண்டு ஜெயித்திருக்கிறான். மனைவி சிபிலுக்குத் தெரிந்தால் தொலைந்தான். விருந்தாளியாக வந்த மிஸஸ் ரிச்சர்ட்ஸுக்குக் காது மந்தம். காதுக் கருவி இருக்கிறது, ஆனால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று அதை ஆன் செய்யமாட்டார். அவருடைய 85 பவுண்டு வேறு காணவில்லை. பார்சிலோனாவிலிருந்து வந்த வெயிட்டர் மேனுவலுக்கு ஆங்கிலம் அரைகுறை, விசுவாசம் முழுசு. நிரந்தரமாகத் தங்கியிருக்கும் மேஜருக்கு மறதி.

இப்போது தாளைப் பாருங்கள். கதை மொத்தமும் அங்கேயே இருக்கிறது! பந்தயத்தில் ஜெயித்த பணத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்லி பேசில் மேஜரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிடலாம். தற்செயல் வரும், ஆனால் அது சும்மா திரியைக் கொளுத்திவிடும். வெடிப்பது இவர்களுடைய குணம்தான்.

மூன்றாம் தடவை, பின்னால் வரும் சிரிப்புக்கு முன்கூட்டியே போடும் விதையை மட்டும் கவனியுங்கள். பேசிலுக்காகப் பந்தயப் பணத்தைக் கட்டியதே மேனுவல்தான். அவனைப் பிடித்து, "குதிரையைப் பற்றி உனக்கு எதுவும் தெரியாது" என்று பேசில் மண்டையில் ஏற்றுகிறான். எந்தக் குதிரையைப் பற்றித் தெரியாது என்று அவன் திருப்பிக் கேட்க, அதுவே ஒரு ரகளை. ஒருவழியாகப் புரிந்துகொள்கிறான். அப்புறம் கதை எங்கெங்கோ போகிறது, நாமும் மறந்துவிடுகிறோம். கடைசியில், அந்தப் பணம் தன்னுடையதுதான் என்று சாட்சி சொல்ல பேசிலுக்கு மேனுவலை விட்டால் ஆளில்லை. மேனுவல் நெஞ்சை நிமிர்த்தி, "எனக்கு எதுவும் தெரியாது" என்கிறான். முகத்தில் எவ்வளவு பெருமை!

இந்த இடத்தில் நிறுத்தி யோசியுங்கள். அந்த வரியில் ஜோக்கே கிடையாது. சொன்னபடி நடந்த ஒரு நல்ல வேலைக்காரன், அவ்வளவுதான். பேசில் வெட்டிய குழி அது, வெட்டும்போது நாமும் பக்கத்தில் நின்று பார்த்தோம். அதே வரியை ஹோட்டலில் வேலை பார்க்கும் கெட்டிக்காரியான பாலி சொல்வதாக மாற்றிப் பாருங்கள், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். உங்கள் ஸ்கிரிப்டில் ஒருவருடைய வசனத்தை இன்னொருவருக்கு மாற்றியும் சிரிப்பு வந்தால், உங்களிடம் இருப்பது துணுக்கு, பாத்திரம் இன்னும் பிறக்கவில்லை.

ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. சிபில். பிரூனெல்லா ஸ்கேல்ஸ் நடித்த அந்த அம்மாள் இல்லாவிட்டால் பேசில் வெறும் சிடுமூஞ்சி. அவரிடமிருந்து ஒளிக்க வேண்டியிருப்பதால்தான் அவன் பொய் சொல்கிறான், பொய் குட்டி போடுகிறது. நம் மேடை நாடகங்களில் எல்லோருமே காமெடியன். பயப்பட ஒருவர்கூட இருக்கமாட்டார். முதலில் அவரை எழுதுங்கள்.

மேனுவல் அடி வாங்குவதை மட்டும் காப்பியடிக்க வேண்டாம். எனக்கு அந்தத் தொடரிலேயே பிடிக்காத பகுதி அதுதான்.

அடுத்து 'தி கிப்பர் அண்ட் தி கார்ப்ஸ்'. ஒரு விருந்தாளி தூக்கத்திலேயே இறந்துவிட, மற்றவர்களுக்குத் தெரியாமல் உடலை அப்புறப்படுத்த வேண்டும். அதையும் இதே மாதிரி தாள் போட்டுப் பாருங்கள். ரொம்பப் பிரபலமான 'தி ஜெர்மன்ஸ்' அப்புறம் இருக்கட்டும். அதில் மான்தலை, தீயணைப்பு ஒத்திகை, ஜெர்மானிய விருந்தாளிகள் என்று மூன்று கதை அடுத்தடுத்து வருவதால் படிக்கத் தொடங்குகிறவருக்கு இழை பிடிபடாது. சிபிலும் அதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.