மூன்று நாளாகியும் காயாத எபாக்ஸி

வேப்பம்பலகை டீப்பாய் மேல் எபாக்ஸி ரெசின் (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவத்தோடு கலந்து ஊற்றும் பூச்சு) ஊற்றி மூன்று நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. நகம் பட்டால் பள்ளம்.

ஈரப்பதம்தான் காரணம் என்று வெயிலில் வைத்தேன், பலனில்லை. ஒரு மூலையில் மட்டும் ஹார்டனரைக் கூட்டிக் கலந்து தடவினேன். அந்த மூலை இன்னும் கொழகொழத்தது. அதுதான் துப்பு. பாலியஸ்டர் என்ற வேறு வகை ரெசினில் கேட்டலிஸ்ட் (இறுகுவதைத் தூண்டும் திரவம்) சில சொட்டு கூடினால் சீக்கிரம் இறுகும். ஆனால் எபாக்ஸியில் ஹார்டனர் ரெசினோடு பிணைந்தே கெட்டியாகிறது. மிஞ்சியது அப்படியே பிசினாகத் தங்கிவிடும்.

டப்பாவை மறுபடி படித்தேன். பெரிய எழுத்தில் இருந்த 2:1 கொள்ளளவுக்கானது! நானோ தராசில் 200 கிராம் ரெசினுக்கு 100 கிராம் ஹார்டனர் போட்டிருந்தேன். ஹார்டனர் ரெசினைவிட லேசானது, அதனால் எடையில் பாதி போட்டால் அளவு கூடிவிடும். எடைக் கணக்கு 100-க்கு 43 என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது.

பிசினைச் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 80 நம்பர் உப்புத்தாள் போட்டேன். சரியாக நிறுத்து, வேறு கப்புக்கு மாற்றி மீண்டும் கலக்கி, 3 மி.மீ. மட்டும் ஊற்றினேன். (ஆழமான பள்ளத்துக்கு மேசை மேல் மெல்லிசாக ஊற்றும் இந்த டேபிள் டாப் வகை கூடாது, சூடேறி விரிசல் விடும், மெதுவாக இறுகும் காஸ்டிங் வகைதான் வேண்டும்.) மறுநாள் நகம் இறங்கவில்லை. அப்பாடா! முழுசாக இறுகட்டும் என்று சூடான டம்ளர் மட்டும் ஒரு வாரம் வைக்கவில்லை.