கத்தோலிக்கப் பள்ளிக்கு முதல்வரைத் தேடுவதும் தக்கவைப்பதும்

முதல்வர் வேண்டும் என்று விளம்பரம் கொடுப்பதற்கு முன், அந்தப் பணி ஒருவரால் செய்து முடிக்கக்கூடியதுதானா என்பதை நிர்வாகம் எழுதிப் பார்க்க வேண்டும். பல நாடுகளில் இப்பள்ளிகளை நெடுங்காலம் துறவறத்தாரே நடத்தினர். அவர்களுக்கு வீட்டு வாடகையோ பிள்ளைகளின் படிப்புச் செலவோ இல்லை, உணவையும் உறுதுணையையும் மடமே கொடுத்தது. கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிந்தைய ஆண்டுகளில் துறவறத்தில் சேர்வோர் குறைந்த நாடுகளில் பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்கள், அப்பொறுப்புக்கு வந்தனர். பணிச்சுமையோ பழைய அளவிலேயே நின்றுவிட்டது. கற்பித்தலின் தரம், நம்பிக்கை வாழ்வு, கட்டடம், கட்டணம், நன்கொடை என எல்லாவற்றுக்கும் ஒருவரே பொறுப்பேற்கும் நிலை நீடிக்கும்வரை, எத்தனை பேரை நியமித்தாலும் அவர்கள் விலகத்தான் செய்வார்கள். கணக்கையும் பராமரிப்பையும் வேறொருவரிடம் ஒப்படையுங்கள். தனியே ஆள் வைக்க இயலாத சிறு பள்ளிகள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஒருவரை அமர்த்தலாம்.

அடுத்த முதல்வர் பெரும்பாலும் உங்கள் ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார். திறமையான ஆசிரியர் பலர் தயங்குவது நிர்வாகத்தை நினைத்து மட்டுமல்ல. செபத்தையும் மறைக்கல்வியையும் முன்னின்று நடத்தத் தமக்குத் தகுதி போதாது என்று கருதுவதாலும்தான். எனவே இறையியல் பயிற்சியை நியமனத்துக்குப் பின் தள்ளிப்போடாமல், அவர் துணைப் பொறுப்பில் இருக்கும்போதே பள்ளியின் செலவில் கொடுங்கள்.

தேர்வின்போது திருச்சபைச் சட்டத்தின் இரண்டு விதிகளைச் சேர்த்து வாசிப்பது நல்லது. விதி 803 ஆசிரியர்களிடம் சரியான கோட்பாட்டையும் நேர்மையான வாழ்வையும் எதிர்பார்க்கிறது. விதி 806, கல்வித்தரம் அப்பகுதியின் பிற பள்ளிகளுக்குக் குறையாதிருக்கப் பள்ளித் தலைவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. பக்தியைக் காட்டிக் கல்வியின் குறையை மறைக்க முடியாது.

சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் ‘சேவை மனப்பான்மை’ என்ற சொல் சற்று அதிகமாகவே கேட்கிறது. பொதுநிலை ஆசிரியர்களைப் பற்றி வத்திக்கானின் கல்வித் துறையான கத்தோலிக்கக் கல்விப் பேராயம் 1982இல் வெளியிட்ட ஏடே, தெளிவான ஒப்பந்தத்துடன் கூடிய போதிய ஊதியத்தை வலியுறுத்துகிறது.

வந்தவரைத் தக்கவைப்பதில் பெரும்பகுதி, பங்குத்தந்தைக்கும் (அவ்வூர்க் கோவிலின் பொறுப்புக் குரு) முதல்வருக்கும் இடையிலான எல்லையைப் பொறுத்தது. ஆசிரியரை நியமிப்பவர் யார், எவ்வளவு தொகைவரை முதல்வர் தாமாகச் செலவிடலாம், பெற்றோரின் புகார் முதலில் யாரிடம் செல்ல வேண்டும் என்பவற்றை எழுத்தில் வைத்து, பங்குத்தந்தை மாறும்போது புதியவருடன் அமர்ந்து மீண்டும் வாசியுங்கள். முதல்வரைத் தாண்டி நேரே பங்கு இல்லத்துக்கு வரும் ஆசிரியரை அன்போடு திருப்பி அனுப்பும் ஒரு பங்குத்தந்தை, எந்த ஊதிய உயர்வையும்விடப் பயன் தருவார்.

முதல் இரண்டு ஆண்டுகளுக்கு வேறொரு பள்ளியின் அனுபவமிக்க முதல்வரை வழித்துணையாக அமர்த்துங்கள். பணி மதிப்பீட்டில் அவருக்குப் பங்கு இருக்கக் கூடாது, இருந்தால் புதியவர் மனம்விட்டுப் பேசமாட்டார். பதவிக்காலம் முடிந்தபின் மதிப்புக் குறையாமல் வகுப்பறைக்குத் திரும்பலாம் என்பதையும் முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.