ஜக்கூரில் செஸ்னா 172 ஏறும் முன்

பெங்களூருவின் ஜக்கூர் விமானதளத்தில், செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் பறக்கப் பழகும் நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லவேண்டியது எரிபொருளைப் பற்றித்தான். அளவு காட்டும் கேஜை மட்டும் நம்பாதீர்கள். டேங்க் மூடியைத் திறந்து, குச்சிவிட்டு அளந்து பாருங்கள். நிரப்பியதும் சற்றுநேரம் விட்டு, தண்ணீர் அடியில் தங்கியபின் ஒவ்வொரு வடிகால் வால்விலிருந்தும் குப்பியில் பிடியுங்கள். விமானப் பெட்ரோலான ஏவ்காஸ் 100எல்எல் இளநீலம். தண்ணீர் இருந்தால் அடியில் நிறமற்ற முத்தாக உருளும். குப்பி முழுக்க நிறமில்லாவிட்டால் சுத்தம் என்று நினைக்காதீர்கள், அத்தனையும் தண்ணீராக இருக்கலாம். முகர்ந்து பாருங்கள்.

கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பாகம்) உள்ள மாடலா? ஈரக்காற்றில் 20 டிகிரியிலும் உள்ளே பனி கட்டும். ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுழலும் வேகம், மெல்லச் சரியும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் ஹீட் குமிழை முழுதாக இழுங்கள். பனி உருகும்போது எஞ்சின் திணறும். அந்த நேரத்தில் பயந்து திரும்ப உள்ளே தள்ளிவிடுவதுதான் பெரிய தப்பு.

ஜக்கூர் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. 33 டிகிரி மதியத்தில் சூட்டில் காற்று மெலிவதால் விமானத்துக்கு அது கிட்டத்தட்ட 5,900 அடி உயரம் போல: ஓட்டம் நீளும், ஏற்றம் மந்தமாகும். அன்றைய வெப்பத்துக்கே கையேட்டு அட்டவணையைப் பாருங்கள்.

ஏறிய உடனே எஞ்சின் நின்றால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்றுங்கள். நேரெதிரே இடம் பாருங்கள். குறைந்த உயரத்தில் ஓடுதளத்துக்குத் திரும்ப வளைத்தால் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கைகள் தூக்குவிசையை இழந்து, சுழன்று விழும்.